எதிராளியின் கால்

கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள், வித்வானிடம் இருப்பது பிறவி ஞானமா, சாதக பலமா என்று தர்க்கம் செய்துகொண்டே செருப்பைத் தேடுவார்கள். சென்னையில் இது மார்கழி மாதத்துத் தர்க்கம். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இதே தர்க்கம் தை மாதத்தில் நடக்கும். மாட்டுப் பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் சடுகுடுப் பந்தயம் வைப்பார்கள். களத்தைச் சுற்றி ஜனங்கள் மண்ணிலேயே உட்கார்ந்து விடுவார்கள். “அவன் பிறந்ததே சடுகுடுவுக்குத்தான்” என்று ஒரு கட்சி. “பிறந்தால் போதுமா? பழகினவன் அல்லவா ஜெயிக்கிறான்?” என்று இன்னொரு கட்சி. சிறு வயதிலிருந்து நானும் இந்த இரண்டு கட்சிக்கும் மாறி மாறி ஓட்டுப் போட்டு வந்திருக்கிறேன்.

இப்போது நீ எந்தக் கட்சி என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாத்தியாரையும் இரண்டு பையன்களையும் பற்றிச் சொல்லித்தான் சொல்ல வேண்டும்.

சடுகுடுவைக் கபடி என்ற பெயரில் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு பக்கத்திலிருந்து ஒருவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். 30 விநாடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்ப விடாமல் அமுக்கிப் பிடிப்பது மற்றவர்களின் வேலை. எதிர்ப்பக்கத்து ஆழத்தில் ஒரு கோடு உண்டு. அங்கே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது அதைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு வந்தால், யாரையும் தொடாவிட்டாலும் ஒரு புள்ளி. அதைப் போனஸ் என்கிறார்கள். இரு ஓரங்களிலும் ஆழத்தில் நிற்கிறவன் கார்னர். நடுப்புறத்திலிருந்து வளைத்து மூடுகிறவன் கவர். இவர்கள் ஒருவர் கையை ஒருவர் கோத்துச் சங்கிலி போல நிற்பார்கள். ‘கை பிடி’ என்பதுதான் கபடி ஆயிற்று என்று சொல்லுவோர் உண்டு. அது சரியோ தவறோ, ஆட்டத்தின் லட்சணத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. பாடிப் போகிறவன் தனி ஆள். பிடிக்கிறவர்கள் கூட்டம்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருப்பவர் என் சிநேகிதர். பையன்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பட்டணத்துப் பெரிய கல்லூரிகள், கட்டுமஸ்தான பையன்களைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்து வைத்து, இலவசப் படிப்பு, ஹாஸ்டல், முட்டை, பால் என்று கொடுத்து அழைத்துப் போய் விடுகின்றன. மாஸ்டருக்கு வந்து சேருகிறவர்கள் மிச்சம் இருப்பவர்கள். காலையில் நாலு மாடு கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிறவன், லீவு நாளில் கரும்பு வெட்டப் போகிறவன், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவன் இப்படி. உடம்பில் வலு இருக்கும், ஆனால் தூக்கி நிறுத்தும் சதை இருக்காது. பட்டணத்துப் பையன்களோடு நேருக்கு நேர் மோதினால் தோல்வி நிச்சயம்.

அதனால் மாஸ்டர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். பாடிப் போகிறவன் எதையும் முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது. நேராக இடது கார்னரை நோக்கிப் போக வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, முன்னங்காலை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கால் முன்னே வந்தால், நம் காலை நீட்டி அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது. பின்னே போனால், போனஸ் கோடு திறந்து கிடக்கிறது, ஒரு எட்டு வைத்துவிட்டு வர வேண்டியது. கார்னர் அசையாமல் நிற்க, கவர் மூட வந்தால், திரும்பிக் கவரின் தோளைத் தட்டிவிட்டு அவன் விட்டு வந்த இடைவெளியாலேயே வெளியேற வேண்டியது. ஆக மூன்று வழிகள். எந்த வழி என்பதைச் சொல்கிறவன் எதிராளி.

“நாம எதையும் தீர்மானிக்க வேண்டாம் தம்பி, அவன் தீர்மானிக்கட்டும். அவன் எதைத் தீர்மானிச்சாலும் அது தப்பாப் போகணும்” என்பார் மாஸ்டர்.

கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கிறது. செய்வதற்கோ உரல் இடிக்கிற மாதிரி. கால் அசைவதைப் பார்த்து, அது எந்தப் பக்கம் என்று புரிந்து, நம் உடம்பு திரும்புவதற்குக் கண் சிமிட்டும் நேரம் கூடக் கிடையாது. யோசித்தால் பிடிபட்டாயிற்று. ஆகையால் யோசனைக்கு இடம் இல்லாத அளவுக்குப் பழக வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்கு ஆரம்பித்து இருட்டும் வரை ஒருவன் கார்னராக நிற்பான், மற்றவர்கள் வரிசையாக அவனிடம் பாடிப் போவார்கள். இதையே மாதக் கணக்கில் செய்தார்கள். நான் ஒரு நாள் களத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணியில் எனக்குக் கொட்டாவி வந்தது. பையன்களில் ஒருவன் மட்டும் அலுக்காமல் செய்தான். கச்சிராயபாளையத்துப் பக்கத்துப் பையன். அவனுக்கு வேகமும் இல்லை, வளைவும் இல்லை. நூறு தடவை சொன்னால் நூறு தடவையும் ஒரே மாதிரி செய்வான், அவ்வளவுதான். கவராக நிற்பது அவன் வேலை.

இந்த யுக்தி உலகத்துக்குப் புதிதல்ல என்று பிற்பாடு தெரிந்தது. என் அக்காள் மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் படிக்கிறான். மாஸ்டரின் வித்தையை அவனிடம் தொலைபேசியில் சொன்னபோது, “மாமா, இது இங்கே காலேஜ்களில் ஆடுகிற ஆப்ஷன் ஆட்டம் அல்லவா!” என்றான். அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை எடுத்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஆப்ஷன் ஆட்டத்தில் இவர்கள் வேண்டுமென்றே எதிராளி ஒருவனை யாரும் தடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். குவார்ட்டர்பேக் அவனையே பார்க்கிறான். அவன் நடுவில் ஓடும் ஆளை மறிக்கப் போனால், பந்தைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு ஓடுகிறான். அவன் நகராமல் நின்றால், நடுவில் ஓடுகிறவனிடம் பந்து போய்விடுகிறது. தானே ஓடும்போது அடுத்த ஆள் தன்மேல் பாய்ந்தால், ஓரத்தில் கூடவே ஓடி வரும் தோழனுக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறான். அங்கேயும் மூன்று வழிகள். அங்கேயும் தீர்மானம் எதிராளியுடையது.

வலுக் குறைந்தவர்களுக்கு இது நல்ல ஆயுதம். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் மலை போன்ற ஆட்களைச் சேர்க்க முடியாது. படித்து முடித்தால் கப்பலுக்குப் போக வேண்டியவர்கள் அல்லவா? நோத்ர தாம் என்ற பெரிய பல்கலைக்கழகத்திடம் 43 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றவர்கள், 2007-ல் இந்த ஆப்ஷன் ஆட்டத்தை ஆடி, மூன்று முறை கூடுதல் ஆட்டம் நடந்து, 46-44 என்று ஜெயித்தார்கள். இதைக் கேட்டதும் நான் சாதகக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் மருமகன் இன்னொரு கதையும் வைத்திருந்தான். ஆப்ஷனில் ‘விஷ்போன்’ என்ற வகையை 1968-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்டு என்ற பயிற்சியாளர் வகுத்தார். அதை வைத்துக்கொண்டு அவர்கள் 30 ஆட்டங்கள் வரிசையாக ஜெயித்தார்கள். பக்கத்து மாகாணத்து ஒக்லஹாமாக்காரர்கள் 1970-ல் தாங்களும் அந்த வித்தைக்கு மாறினார்கள். டெக்ஸாஸ்காரர்கள் பெரிய மனசுடன் சந்தேகங்களையும் தீர்த்து வைத்தார்கள். ஒக்லஹாமாவிலோ காற்றாய்ப் பறக்கிற பையன்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் சொல்லிக் கொடுத்தவர்களையே தோற்கடித்தார்கள். 1971-ல் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 472 கஜம் ஓடினார்கள். வித்தையைக் கற்பிக்க முடிகிறது. கற்றுக்கொண்டவனுக்குக் கால் வேகமாக இருந்தால் வித்தை அவனுடையதாகி விடுகிறது.

டெக்ஸாஸ் வரை போவானேன்? நம் கபடியிலேயே இது நடந்தது. 1990-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். 2016-ல் ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா நம்மை 34-32 என்று தோற்கடித்தது. அந்தக் கொரியர்களில் ஜாங் குன் லீ என்பவர் நம் ஊர்ப் போட்டிகளில் ஆடித் தேர்ந்தவர். 2018-ல் ஜகார்த்தாவில் நம் ஆண்களை ஈரான் 27-18 என்று அரையிறுதியிலேயே வெளியேற்றியது. பெண்கள் இறுதி ஆட்டத்தில் அதே ஈரான் 27-24 என்று தங்கத்தை எடுத்துக்கொண்டது. ஈரானியப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற நம் நாட்டுப் பெண்மணி. பிறப்பிலேயே நமக்கு வந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது, பழகினால் பிறருக்கும் வருகிறது.

ஆனாலும் 2016 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈரானிடம் பாதி ஆட்டத்தில் 13-18 என்று பின்தங்கியிருந்தோம். அப்புறம் அஜய் தாக்கூர் என்ற மனிதர் பாடிப் போக ஆரம்பித்தார். அவர் ஒருவரே 12 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 38-29 என்று நமக்கு முடிந்தது. அன்றிரவு நான் பிறவிக் கட்சிக்குத் திரும்பிவிட்டேன்.

மாஸ்டருக்கும் அப்படி ஒருவன் கிடைத்தான். கல்வராயன் மலைப் பையன். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலை ஏறினால், இரண்டாயிரம் அடிக்கு மேலே வெள்ளிமலை இருக்கிறது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அவன் ஊர். சாமை, தினை, மரவள்ளி பயிர் செய்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பம். கடுக்காய் பொறுக்கி விற்பதும் உண்டு. பையன் ஹாஸ்டலில் தங்கி வரலாறு படிக்கிறான். முதல் நாள் களத்தில் இறங்கியவன், மாஸ்டர் சொன்ன மூன்று வழியில் எதிலும் போகாமல், நாலாவது ஒரு வழியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான்.

“எப்படிடா பார்த்தே?” என்று மாஸ்டர் கேட்டதற்கு, “கால் அசையறதுக்கு முன்னாடியே இடுப்பு அசையுது சார். மாடு திரும்புறப்ப காது முன்னாடி திரும்புற மாதிரி” என்றானாம்.

பிறவிச் சாமர்த்தியம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வந்தது. ஐந்து வயதிலிருந்து மலைச்சரிவில் மாடு மேய்த்தவன். எந்த மாடு எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டும். பத்து வருஷம் அவன் செய்தது சாதகம் இல்லையா? அதை யாரும் எண்ணவில்லை, விசில் ஊதவில்லை, அவ்வளவுதான். நாம் உட்கார்ந்து பார்க்காத சாதகத்துக்குப் பிறவிச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துவிடுகிறோமோ?

சாமர்த்தியத்தோடு கூடத் தொல்லையும் வந்தது. அவனைப் பிடிப்பதற்கு நிறுத்தினால் கார்னரில் நிற்பான். கார்னர் பொறுமையாகக் காலைத் தூண்டிலாக வைத்துக் காத்திருக்க வேண்டும், எதிராளி ஆழத்துக்கு வந்தபின் எல்லோரும் சேர்ந்து மூட வேண்டும் என்பது மாஸ்டரின் திட்டம். இவனுக்குக் காத்திருக்கத் தெரியாது. தனியாகப் பாய்ந்து கணுக்காலைப் பற்றுவான். பத்துக்கு ஏழு தடவை பிடி விழும், ஜனங்கள் துண்டை வீசுவார்கள். மற்ற மூன்று தடவை சங்கிலி அறுந்து, எதிராளி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போவான். அதைவிட மோசம், மற்ற ஆறு பேரும் இவன் என்ன செய்கிறான் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவனுடைய சாமர்த்தியம் ஆறு பேரை ரசிகர்களாக்கி விட்டது.

பயிற்சிக்கும் ஒழுங்காக வர மாட்டான். வாரம் ஒரு முறை ஊருக்குப் போனால் மூன்று நாள் கழித்து வருவான். “வெளியே உட்கார வை, புத்தி வரும்” என்றார்கள் சக ஆசிரியர்கள். மாஸ்டர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்து மலைகளுக்குத் தரகர்கள் வருவார்கள். நல்ல கூலி, மரம் வெட்டும் வேலை என்று முன்பணம் கொடுத்து இளவட்டங்களை லாரியில் ஏற்றிப் போவார்கள். இறக்கிவிடும் இடம் ஆந்திரத்துச் சேஷாசலம் காடாக இருக்கும், வெட்டுவது செம்மரமாக இருக்கும். 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் போலீஸார் சுட்டு இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பையனின் அண்ணன் அப்படி ஒரு தரகரிடம் முன்பணம் வாங்கியிருந்தான். தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பையன் ஊருக்குப் போய் மூன்று நாள் தங்குவது அண்ணனைத் தடுப்பதற்கா, கூடப் போவதற்கா என்பது மாஸ்டருக்குத் தெரியவில்லை. ஆட்டத்தை விட்டு நிறுத்தினால் ஹாஸ்டலையும் விட்டுவிடுவான் என்பது மட்டும் தெரிந்தது.

2024 கடைசியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. அந்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால், “ஓ, அந்த ஊரா?” என்று கேட்டார்கள். பையன்கள் பதில் சொல்லாமல் பனியனை மாட்டிக்கொண்டார்கள். மாஸ்டரோடு நானும் போயிருந்தேன்.

இறுதி ஆட்டத்தில் எதிரே பட்டணத்துக் கல்லூரி. மலைப் பையன் முந்திய வாரம் மூன்று நாள் வரவில்லை. மாஸ்டர் அவனை வெளியே உட்கார வைத்தார். முதல் பாதி முழுவதும் திட்டம் கடிகாரம் போல வேலை செய்தது. கால் முன்னே வந்தால் தொட்டார்கள், பின்னே போனால் போனஸ் எடுத்தார்கள். கச்சிராயபாளையத்துப் பையன் இரண்டு தடவை சங்கிலியை இழுத்து மூடினான். 17-11 என்று நாங்கள் முன்னால் இருந்தோம்.

இடைவேளையில் பட்டணத்துப் பயிற்சியாளர் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து விட்டார். இரண்டாம் பாதியில் அவர்களுடைய கார்னர் காலை அசைக்கவே இல்லை. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, நட்டு வைத்த கம்பம் போல நின்றான். கவரும் மூட வரவில்லை. எதிராளி தீர்மானிக்கிற வரையில்தான் நம் திட்டம். அவன் தீர்மானிக்க மறுத்துவிட்டால்? எங்கள் பையன்கள் ஒவ்வொருவராகப் போய், காலைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது 24-24.

மாஸ்டர் மலைப் பையனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அவன் எழுந்து போனான்.

அவன் செய்தது இதுதான். கம்பமாக நின்றவன் எதிரே போய்த் தானும் கம்பமாக நின்றான். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தோளை ஓர் அங்குலம் இறக்கினான். விழப் போகிறவன் மாதிரி இருந்தது. கார்னரின் கால் தன்னையறியாமல் முன்னே வந்தது. வந்த காலைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். எதிராளியின் கால் சொல்வதைக் கேட்க மாஸ்டர் கற்றுக் கொடுத்திருந்தார். சொல்லாத காலைச் சொல்ல வைக்க இவனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி அரை நிமிஷத்தில் 29-30. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அவர்கள் ஆள் பாடி வருகிறான். அவனுக்குப் புள்ளி தேவையில்லை, நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பினால் போதும். காத்திரு என்கிற திட்டம் இங்கே பிரயோஜனப்படாது. மலைப் பையன் கார்னரிலிருந்து பாய்ந்தான். அதே கணத்தில், அவன் பாய்ந்ததைப் பார்த்த பிறகு அல்ல, அதே கணத்தில், கச்சிராயபாளையத்துப் பையனும் கவரிலிருந்து மூடினான். இரண்டு பேர் பிடியிலும் எதிராளி திமிறி விழுந்தான். விழுந்தவனுடைய விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது. பிடித்த இருவரும் அவுட். 29-32.

பஸ் ஏறும்போது, “அவசரப்பட்டுக் கெடுத்துட்டான்” என்றார் கூட வந்தவர் ஒருவர். “அவன் இல்லாவிட்டால் முப்பதும் கிட்ட வந்திருக்காதே” என்றார் இன்னொருவர். மாஸ்டர் என்னிடம் மட்டும், “அந்த ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பினாங்களே, பார்த்தீங்களா? அதை நான் சொல்லிக் கொடுக்கலை” என்றார். தோற்ற மனிதரின் குரல் மாதிரி இல்லை.

நாவல் எழுதுகிறவன் இதை எப்படி எடுத்துக்கொள்வது? கதைத் திட்டம் போட்டுக் கொடுத்தால் ஓரளவு யாரும் கதை எழுதிவிடலாம். திட்டம் என்பது யாரோ ஒருவருடைய சாமர்த்தியத்தைக் கூறு போட்டு, அது இல்லாதவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு. அதனால்தான் அது மரியாதைக்குரியது. பால் கறந்துவிட்டு வருகிறவனும் அதைப் பிடித்துக்கொண்டு பட்டணத்தானோடு பாதி ஆட்டம் சமமாக நிற்க முடிகிறது. மறு பாதியில் திட்டம் முடிந்துபோகிற ஒரு இடம் வரும். அங்கே ஒருவன் வேண்டும். ஆனால் அந்த ஒருவனோடு சேர்ந்து பாய்வதற்கு, நூறு தடவையும் ஒரே மாதிரி செய்து பழகிய இன்னொருவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மலைப் பையன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானான். அந்த ஆட்டத்தின் கடைசி எட்டு நிமிஷத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அண்ணன் லாரி ஏறிப் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பினான். எங்கே இருந்தான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லையாம். தம்பி அவனோடு போகவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடப் போகிறான்.

கச்சிராயபாளையத்துப் பையனை எந்த அணியும் எடுக்கவில்லை. அவனைப் பற்றி எழுதிக் கொடுக்க மாஸ்டரிடம் ஒரு புள்ளிக் கணக்கும் கிடையாது. சங்கிலியில் நின்றவனுக்குத் தனிக் கணக்கு ஏது? அவன் சாயங்காலங்களில் தன் ஊர்த் திடலில் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சென்ற மாதம் அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். அரைக்கால் சட்டைப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். “மூஞ்சியைப் பாக்காதீங்கடா, காலைப் பாருங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

வரிசையில் நின்ற பொடியன் ஒருவன், “அண்ணே, கால் அசையவே இல்லேன்னா?” என்று கேட்டான்.

அவன் மலைப் பக்கம் கையைக் காட்டினான். “பொங்கல் லீவுக்கு ஒரு அண்ணன் வருவாரு. அதை அவருகிட்டே கேட்டுக்க. அதுவரைக்கும் அசையற காலைப் பாரு.”